சரக்கு வேறு, சைகை வேறு: கணினி தன் கருவிகளிடம் பேசும் விதம்

"இயக்க அமைப்பின் பணிகள் யாவை?" என்று 11-ஆம் வகுப்பு கணினி அறிவியல் மாணவர்களிடம் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். நினைவக மேலாண்மை, கோப்பு மேலாண்மை, பாதுகாப்பு என்று பட்டியல் நீளும். கருவிகளைக் கட்டுப்படுத்துதல் என்பதும் அதில் வரும். "சரி, கட்டுப்படுத்துதல் என்றால் கணினி உண்மையில் என்ன செய்கிறது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

இந்தக் கேள்வி கணினி ஆசிரியர்களுக்கு மட்டும் உரியதல்ல. இன்று நம் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. புரொஜெக்டர், பிரிண்டர், வெப்கேமரா இருக்கின்றன. அவற்றில் ஒன்று சொன்னபடி கேட்கவில்லை என்றால் "பழுது" என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். கருவியும் கணினியும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது தெரிந்தால், அவற்றில் சில மீண்டும் மாணவர்களின் கைக்கு வரும். தூத்துக்குடி மாவட்ட ஆசிரியர்களுக்கு இதை விளக்கும் எடுத்துக்காட்டுகள் பக்கத்திலேயே, கடலில் கிடைக்கின்றன.

முத்துக்குளிப்பவரின் கயிறு

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தோலாயிரம் பார் அவற்றில் பெயர்பெற்றது. இங்கே 1961-க்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலின் முறை இன்றும் நம் ஊர்ப் பெரியவர்கள் பேச்சில் இருக்கிறது.

குளிப்பவர் ஒரு கனமான கல்லின் துணையோடு கடலடிக்கு இறங்குவார். கல்லுக்கு ஒரு கயிறு, சிப்பி சேர்க்கும் பைக்கு ஒரு கயிறு. படகில் இருக்கும் துணையாள் இரண்டையும் கவனித்துக்கொண்டிருப்பார். ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் மூச்சு தாங்கும். அதற்குள் சிப்பிகளைப் பையில் அள்ளிப் போட்டுவிட்டு, குளிப்பவர் கயிற்றைச் சுண்டி இழுப்பார். மேலே உள்ளவர் உடனே தூக்க வேண்டும். தண்ணீருக்கடியில் இருந்து பேச முடியாது. கயிற்றின் அசைவுதான் பேச்சு. அந்த அசைவின் பொருள் இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் போவது உயிர்.

ஒரே கயிற்றின் வழியே இரண்டு வகையானவை வந்ததை மாணவர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பையில் வந்தது சிப்பி, அதாவது சரக்கு. சுண்டலில் வந்தது 'தூக்கு' என்னும் சைகை. சரக்கைக் கணினி மொழியில் தரவு என்கிறோம். சைகையைக் கட்டுப்பாட்டுச் செய்தி என்கிறோம்.

பிரிண்டருக்கு நாம் அனுப்பும் கடிதத்தின் எழுத்துகள் தரவு. "தாள் இருக்கிறதா?" என்று கேட்பது கட்டுப்பாட்டுச் செய்தி. வெப்கேமராவில் இருந்து வரும் படம் தரவு. "வெளிச்சத்தைக் கூட்டு" என்பது கட்டுப்பாட்டுச் செய்தி. இரண்டையும் வேறுபாடு தெரியாமல் கலந்துவிட்டால், "தாள் இருக்கிறதா?" என்ற கேள்வியே காகிதத்தில் அச்சாகி வந்துவிடும்.

துறைமுகமும் பைலட்டும்

அடுத்த எடுத்துக்காட்டு வ.உ.சிதம்பரனார் துறைமுகம். 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இது, கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்களுக்கு இடையில் அமைந்த செயற்கைத் துறைமுகம். எவ்வளவு அனுபவமுள்ள கேப்டனாக இருந்தாலும் பெரிய கப்பலைத் தானாக ஓட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட முடியாது. துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் அனுமதி கேட்க வேண்டும். இந்தத் துறையின் ஆழமும் நீரோட்டமும் அறிந்த பைலட் கப்பலில் ஏறி வழிகாட்டுவார்.

கணினியிலும் அதே ஏற்பாடுதான். நாம் பயன்படுத்தும் மென்பொருள்தான் கப்பலின் கேப்டன். இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னல், துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையம். ஒவ்வொரு கருவியின் நெளிவுசுளிவு அறிந்த டிரைவர் மென்பொருள்தான் பைலட். எந்த மென்பொருளும் கருவியை நேரடியாகத் தொட அனுமதி இல்லை. கெர்னலிடம் கேட்க வேண்டும். கெர்னல் உரிய டிரைவரிடம் ஒப்படைக்கும். பதில் அதே வழியில் திரும்பி வரும்.

கப்பல்களில் பறக்கும் கொடிகளையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். சர்வதேசச் சைகைக் குறியீட்டில் 'ஜி' என்ற எழுத்துக்குரிய கொடிக்கு "எனக்குப் பைலட் வேண்டும்" என்று பொருள். 'எச்' கொடி பாதி வெள்ளை, பாதி சிவப்பு. அதற்கு "கப்பலில் பைலட் இருக்கிறார்" என்று பொருள். எந்த நாட்டுக் கப்பலும் மொழி தெரியாமலே இதைப் புரிந்துகொள்ளும். சுவையான செய்தி ஒன்று: அதே 'ஜி' கொடியை மீன்பிடிக்கும் இடத்தில் ஒரு மீன்பிடிக் கலம் பறக்கவிட்டால், "வலையை இழுத்துக்கொண்டிருக்கிறேன்" என்று பொருள் மாறிவிடும். குறி ஒன்றுதான், யாரிடம் இருந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் வேறு. கணினிக் கருவிகளிலும் இதே சிக்கல் வந்தது. அதை எப்படித் தீர்த்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

கணினிக்குள் நடப்பது

யூனிக்ஸ் இயக்க அமைப்பில் கருவிகளையும் கோப்புகளைப் போலவே பாவிப்பார்கள். கோப்பைத் திறப்பது போலக் கருவியைத் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். ஆனால் படிப்பதும் எழுதுவதும் தரவுக்கு மட்டுமே போதும். சைகைக்கு என்ன செய்வது? 1979-இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அதற்கெனத் தனி அழைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். உள்ளீடு வெளியீட்டுக் கட்டுப்பாடு என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக அதற்கு 'ஐஓசிடிஎல்' என்று பெயர். 1983-இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 பதிப்பும் இதே எண்ணத்தை எடுத்துக்கொண்டது. அதில் கட்டுப்பாட்டுத் தகவலைப் பெறுவதற்கு ஓர் எண், அனுப்புவதற்கு ஓர் எண் என்று தனித்தனியே இருந்தன. விண்டோஸில் இந்தப் பணியைச் செய்வது 'டிவைஸ்-ஐஓ-கன்ட்ரோல்' என்ற அழைப்பு. சி-டாக் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் போன்றவற்றில் யூனிக்ஸ் வழியே தொடர்கிறது.

இந்த அழைப்பில் மூன்று செய்திகள் போகும்.

1. எந்தக் கருவி? கருவியைத் திறந்தபோது கெர்னல் கொடுத்த அடையாள எண்.
2. என்ன செய்ய வேண்டும்? அதற்கான கட்டளை எண்.
3. கூடுதல் விவரம் எங்கே? அனுப்பும் மதிப்பை வைத்திருக்கும், அல்லது பதிலை வாங்கிக்கொள்ளும் நினைவக இடத்தின் முகவரி.

விண்டோஸில் அனுப்பும் இடமும் பெறும் இடமும் தனித்தனியாகக் குறிக்கப்படும். மற்றபடி அடிப்படை ஒன்றுதான்.

எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

கொடிக் குழப்பத்துக்குத் தீர்வு இந்தக் கட்டளை எண்ணுக்குள் இருக்கிறது. லினக்ஸில் இது 32 பிட் எண். பெரும்பாலான கணினிகளில் அதன் முதல் 2 பிட்டுகள் திசையைச் சொல்கின்றன: அனுப்புவதா, பெறுவதா, இரண்டுமா, எதுவுமில்லையா. அடுத்த 14 பிட்டுகள் கூடவே போகும் விவரத்தின் அளவு. அதற்கடுத்த 8 பிட்டுகள் கருவி வகைக்கான எழுத்து. கடைசி 8 பிட்டுகள் அந்த வகைக்குள் கட்டளையின் வரிசை எண். கருவி வகையும் எண்ணுக்குள்ளேயே இருப்பதால், கேமராவுக்கான கட்டளையை வேறு கருவி தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது.

வெப்கேமராவிடம் "நீ யார், உன்னால் என்னென்ன முடியும்?" என்று கேட்கும் லினக்ஸ் கட்டளை எண்ணைப் பதினாறடிமான முறையில் எழுதினால் 80685600. எண் முறைகள் பாடம் நடத்தியவுடன் இதைக் கரும்பலகையில் எழுதிப் பிரிக்கச் சொல்லலாம்.

8068 என்பதை இருமத்தில் எழுதினால் 1000 0000 0110 1000. முதல் இரண்டு பிட்டுகள் 10. அதாவது கருவியிடம் இருந்து பெறுதல். மீதி 14 பிட்டுகளின் மதிப்பு 104. பதில் 104 பைட்டுகளாக வரும். அடுத்துள்ள 56 என்பது பதின்மத்தில் 86; ஆஸ்கி அட்டவணையில் அது 'வி' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்து, வீடியோவைக் குறிப்பது. கடைசி 00, வரிசையில் முதல் கட்டளை. எண் முறை மாற்றம் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது.

"தப்பான எண்ணை அனுப்பினால் கருவி கெட்டுப்போகுமா சார்?" என்று என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அந்தக் கருவிக்குத் தெரியாத எண் வந்தால் டிரைவர் அதை மறுத்துப் பிழைச் செய்தி அனுப்பும். யூனிக்ஸில் அந்தப் பிழைச் செய்தி நெடுநாள் "இது தட்டச்சுப்பொறி அல்ல" என்றுதான் இருந்தது. அந்நாளில் கணினியோடு இணைந்திருந்தவை டெலிடைப் பொறிகள். கட்டுப்பாட்டுச் செய்திகளும் பெரும்பாலும் அவற்றுக்கே. பின்னாளில் வாசகத்தை மாற்றினாலும், பிழையின் சுருக்கப் பெயரில் டெலிடைப் இன்றும் ஒளிந்திருக்கிறது. வட்டை அழிப்பது போன்ற ஆபத்தான கட்டளைகளை நிர்வாகி உரிமை உள்ளவர் மட்டுமே அனுப்ப முடியும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புக்கு: ஒரு மாணவர் திரைக்கு அப்பால், இன்னொருவர் இப்பால். நடுவே ஒரு கயிறும் பையும். ஒரு சுண்டல் என்றால் 'பையை இழு', இரண்டு என்றால் 'பென்சில் அனுப்பு', மூன்று என்றால் 'நிறுத்து' என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த சுற்றில் ஒருவருக்கு மட்டும் பொருளை மாற்றிச் சொல்லுங்கள். உடன்பாடு இல்லாத சைகை பயன்படாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே சொல்வார்கள்.

நடுநிலை வகுப்புக்கு: ஒரு விண்டோஸ் கணினியில் விளக்குள்ள இரண்டு யுஎஸ்பி கீபோர்டுகளை இணையுங்கள். ஒன்றில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்தினால் இரண்டிலும் விளக்கு எரியும். ஏன்? பொத்தானை அழுத்திய செய்தி கணினிக்குப் போகிறது. விளக்கை ஏற்றும்படி கணினிதான் எல்லா கீபோர்டுகளுக்கும் கட்டுப்பாட்டுச் செய்தி அனுப்புகிறது. கீபோர்டு உள்ளீட்டுக் கருவி மட்டுமே என்று படித்த மாணவர்களுக்கு இது வியப்பளிக்கும்.

மேல்நிலை வகுப்புக்கு: லினக்ஸ் முனையத்தில் 'எஸ்டிடிஒய்' என்று தட்டி, இடைவெளி விட்டு 'சைஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்து என்டர் அழுத்தினால் இரண்டு எண்கள் வரும். அவை திரையின் வரிகளும் நெடுவரிசைகளும். சாளரத்தைச் சுருக்கிவிட்டு மீண்டும் கேட்டால் எண்கள் மாறும். இதற்குப் பின்னால் போகும் கட்டளை எண் பதினாறடிமானத்தில் 5413. அதிலுள்ள 54, முனையத்தைக் குறிக்கும் 'டி' எழுத்தின் ஆஸ்கி மதிப்பு. பழைய கட்டளை என்பதால் திசையும் அளவும் நிரப்பப்படாமல் இருக்கின்றன.

பழுதா, டிரைவரா?

இனி பீரோவுக்கு வருவோம். கருவி ஒன்று வேலை செய்யவில்லை என்றால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். சரக்கு போகிறதா? சைகை போகிறதா?

வெப்கேமராவில் படம் வருகிறது, ஆனால் வெளிச்சத்தை மாற்ற முடியவில்லை என்றால் சரக்கு வருகிறது, சைகை போகவில்லை. பிரிண்டர் அச்சிடுகிறது, ஆனால் தாள் தீர்ந்ததைக் கணினி காட்டவில்லை என்றாலும் அப்படித்தான். இவற்றில் கருவியைவிட டிரைவரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பொதுவான டிரைவர் சில நேரங்களில் சரக்கையும் அடிப்படைச் சைகைகளையும் மட்டுமே கையாளும். அந்த மாதிரிக்கே உரிய சைகைகள் அதற்குத் தெரிந்திருக்காது. தயாரிப்பாளரின் உரிய டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் சரியாகும். கருவியைக் கணினி அடையாளமே காணவில்லை என்றால் கேபிளையும், பிறகு வேறொரு கணினியையும் வைத்துச் சோதியுங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால்தான் பழுது என்ற முடிவுக்கு வரலாம். நான் பார்த்த ஒரு பள்ளியில் இப்படிச் சோதித்த பிறகு, ஒதுக்கி வைத்திருந்த கேமரா ஒன்று ஆய்வகத்துக்குத் திரும்பியது.

ஓர் எச்சரிக்கை. பல டிரைவர்கள் கெர்னலின் உரிமையோடு இயங்குகின்றன. அங்கே ஏற்படும் பிழை ஒரு மென்பொருளோடு நிற்காமல் கணினியையே முடக்கும். 2024 ஜூலை 19 அன்று, கெர்னலில் இயங்கும் ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். எனவே தேடலில் கிடைக்கும் ஏதோ ஓர் இணையதளத்தில் இருந்து டிரைவரை இறக்காதீர்கள். தயாரிப்பாளரின் தளத்தில் இருந்தோ, இயக்க அமைப்பின் புதுப்பிப்பு வழியாகவோ மட்டும் பெறுங்கள். ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

"கருவிகளைக் கட்டுப்படுத்துதல்" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, ஒரு கயிறும் இரண்டு கீபோர்டுகளும் கொண்டு அதன் பொருளைக் காட்டிவிடலாம். ஒரு பாடவேளை போதும். அடுத்த முறை ஆய்வகத்தில் ஏதேனும் ஒரு கருவி அடம் பிடிக்கும்போது, மாணவர்களையே அழைத்துக் கேளுங்கள்: சரக்கில் சிக்கலா, சைகையில் சிக்கலா? அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.