யானையைப் பார்க்காமலே யானையை எண்ணுவது எப்படி?

குலசேகரம் தாண்டி, பேச்சிப்பாறை அணையும் தாண்டி, கோதையாறு மலைப்பக்கம் யானைக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் எல்லோர் மனசிலும் ஓடுவது ஒரே கேள்விதான்: "யானையைப் பார்த்துருவோமா?"

பெரும்பாலும் பார்க்க மாட்டோம். அடர்ந்த மழைக்காட்டில் இருபது அடி தள்ளி நிற்கிற யானைகூடக் கண்ணில் படாது. கண்ணில் படுவது லத்தி. கணக்கும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 1,197 சதுர கி.மீ. தமிழ்நாடு முழுவதுமான யானை எண்ணிக்கை 2023-ல் 2,961, 2024-ல் 3,063 என வனத்துறை சொன்னது. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன?

மூன்று நாள், மூன்று முறை

முதல் நாள், காட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடந்து போய் நேரில் பார்க்கும் யானைகளைக் குறிப்பார்கள். இரண்டாம் நாள், நேர்கோட்டுப் பாதையில் நடந்து லத்திக் குவியல்களை எண்ணுவார்கள். மூன்றாம் நாள், தண்ணீர் குடிக்க வரும் இடங்களில் காத்திருப்பார்கள்.

லத்தியிலிருந்து யானை எப்படி வரும்?

கணக்கு எளிது. ஒரு யானை ஒரு நாளைக்குச் சுமார் 16 முறை லத்தி போடும். ஒரு குவியல் மட்கி மறைய 100 நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், எந்த நாளில் போனாலும் அந்த ஒரு யானையின் கணக்கில் 1,600 குவியல்கள் காட்டில் கிடக்கும். குவியல்களின் அடர்த்தி தெரிந்தால் யானைகளின் அடர்த்தியும் தெரியும்.

சிக்கலும் இங்கேதான். மழை, வெயில், சாணவண்டு இவற்றைப் பொறுத்து மட்கும் வேகம் மாறும். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. உண்மையில் 50 நாளில் மட்கிவிடும் இடத்தில் 100 நாள் என்று கணக்குப் போட்டால், ஒரு யானை அரை யானையாகிவிடும். சருகுக்கு அடியில் கிடந்த குவியலை நீங்கள் கவனிக்காமல் போனாலும் அதே கதிதான்.

என்னவெல்லாம் பழகணும்?

முதலில், லத்தியின் வயது. ஈரமும் சூடும் இருந்தால் யானை பக்கத்தில்தான் நிற்கிறது. அப்போது எண்ணிக்கையை மறந்து, கூட வரும் வனக்காவலர் சொல்கிறபடி விலகிவிட வேண்டும். யானைக்கு மோப்பம் அதிகம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நடப்பது உயிர் காக்கும் பழக்கம். சென்ட் வேண்டாம், பளிச் நிறச் சட்டையும் வேண்டாம்.

இரண்டாவது, தூரம். பாதையிலிருந்து ஒரு மிளா எத்தனை மீட்டர் தள்ளி நின்றது என்பது முக்கியமான தரவு. தள்ளிப் போகப் போக நம் கண்ணுக்குத் தப்புவது கூடும். அந்தக் குறையைக் கணக்கில் சரிசெய்யத் தூரம் வேண்டும். தூரம் அளக்கும் கருவி உண்டு. ஆனாலும் முதலில் கண்ணால் மதிப்பிட்டு, பிறகு அளந்து பார்த்தால் கண் பழகும்.

மூன்றாவது, நேர்மை. குளம்படி மிளாவுடையதா என்று தெரியவில்லையா? "இனம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஐந்து கி.மீ. நடந்து எதுவுமே கிடைக்கவில்லையா? பூஜ்யம் என்று எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

இதையெல்லாம் சொல்லித்தர நல்ல ஆசிரியர்கள், மலையிலேயே பிறந்து வளர்ந்த காணி மக்கள். ஒடிந்த கிளையையும் மிதிபட்ட புல்லையும் பார்த்து யானை போன திசையைச் சொல்ல செயலியால் முடியாது.

தப்பா எண்ணினா என்ன ஆகும்?

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருப்பதாகப் பதிவேடு சொல்லிக்கொண்டிருந்தது. 2005-ல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. வேட்டையாடியிருந்தார்கள். காலடித் தடத்தை வைத்து எண்ணும் பழைய முறை அதன் பிறகு கைவிடப்பட்டது. தானியங்கிக் கேமராக்கள் வந்தன. புலியின் இரண்டு பக்க வரிகளும் வேறு வேறு என்பதால் பாதையின் இருபுறமும் ஜோடியாக வைக்கிறார்கள். ஆனால் புலி எந்தத் தடத்தில் நடக்கும் என்று கண்டுபிடித்துக் கேமராவைக் கட்டுவது இன்றும் மனிதர்தான்.

எங்கே ஆரம்பிக்கலாம்?

காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. நாகர்கோவில் பக்கத்திலேயே சுசீந்திரம்-தேரூர் குளங்கள் இருக்கின்றன. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. பறவைகள் வலசை வரும் மாதங்களில் ஒரு ஞாயிறு காலை நண்பரோடு போங்கள். கூட்டத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, பத்துப் பத்தாகக் கூட்டத்தைக் கடந்து செல்லுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு போட்டோ எடுத்துச் சரிபாருங்கள்.

முதல் தடவை இரண்டு பேர் எண்ணிக்கையும் ஒத்துவராது. பரவாயில்லை. நாலைந்து வாரத்தில் இடைவெளி குறையும். அதன்பிறகு வனத்துறை பறவைக் கணக்கெடுப்புக்கும் யானைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைக் கூப்பிடும்போது தைரியமாகப் பெயர் கொடுக்கலாம்.