தானாக நீடிப்பதும் நீடிக்க வைப்பதும்



நம் அறிக்கைகளும் மனுக்களும் பெரும்பாலும் தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிகின்றன. ஆணையத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போகும் தாளில் நாம் போடும் ஒரு வினைச்சொல் யாரைக் குற்றம் சாட்டுகிறது, யாரைத் தப்ப விடுகிறது என்பதை இந்த நினைவுரையில் பேச எடுத்துக்கொண்டோம். பார்க்கப் போவது, தொடர்தல், நீடித்தல், கட்டிக்காத்தல் என்று பொருள்தரும் ஆங்கில வினைகளை.

இவற்றில் இரண்டு வகை உண்டு. ரிமெயின், லாஸ்ட், பெர்சிஸ்ட் போன்றவை ஒரு பொருள் தானே நிலைத்திருப்பதைச் சொல்பவை. மெயின்டெயின், சஸ்டெயின், ப்ரிசர்வ், பெர்பெச்சுவேட் போன்றவை ஒருவர் இன்னொன்றை நிலைக்க வைப்பதைச் சொல்பவை. நம் இலக்கணத்தின் தன்வினை, பிறவினைக்கு இது நெருங்கிய உறவு. முதல் வகையில் 'யார்?' என்று கேட்க இடமில்லை. இரண்டாவதில் கேட்டே ஆகவேண்டும்.

'காஸ்ட் பெர்சிஸ்ட்ஸ்' என்ற தொடர் ஆய்வுக் கட்டுரைகளில் தேய்ந்துபோன ஒன்று. ஆள் எழுவாயாக வந்தால் இந்த வினைக்கு விடாப்பிடியாக நிற்பது என்று பொருள். சாதி எழுவாயாக வந்ததும் அந்த ஆள் மறைந்துவிடுகிறார். விடாத இருமலைக் குறிக்க மருத்துவரும் இதே சொல்லைத்தான் எழுதுகிறார். இருமலுக்கு யார் மேல் வழக்குப் போடுவது? தமிழ் மட்டும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 'தீண்டாமை கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது' என்று நாமும்தான் எழுதுகிறோம். 'படு' ஆளை அழித்துவிடுகிறது. 'வருகிறது' என்றதும் தீண்டாமை தானே நடந்து வருவதுபோல ஆகிவிடுகிறது.

'என்டியூர்' தனி ரகம். கடினம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்த இதற்கு நீடித்தல் என்றும் பொருள், தாங்கிக்கொள்ளுதல் என்றும் பொருள். அடக்குமுறை நீடிப்பதற்கும் அடக்கப்பட்டவர் பொறுத்துக்கொள்வதற்கும் ஒரே சொல். நம் மக்களின் சகிப்பைப் பாராட்ட இந்தச் சொல்லை யாராவது எடுத்துவந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். 'லாஸ்ட்' வந்த வழி வேறு. பழைய ஆங்கிலத்தில் அது அடிச்சுவட்டைப் பின்பற்றிப் போவது. செருப்புத் தைப்பவர் தோலை இழுத்து வடிவம் பிடிக்கும் கால் வடிவக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான், வேரும் அதுவேதான். அகராதியில் நம் தொழிலாளியின் கட்டைக்கும் ஓரிடம் இருக்கிறது.

'மெயின்டெயின்' என்பதுதான் நமக்கு அதிகம் உதவும் சொல். கை, பிடித்தல் என்ற இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்து பிறந்தது. கையில் பிடித்து வைத்திருப்பது. 'மேனுவல்' என்பதிலும் இருப்பது அதே கை. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இந்த இரண்டு சொற்களும் அருகருகே நிற்கின்றன. கையால் அள்ளும் வேலையில் ஒருவரை அமர்த்தக் கூடாது. உலர் கழிப்பிடத்தைக் கட்டவோ 'மெயின்டெயின்' செய்யவோ கூடாது. அள்ளுவது ஒரு கை, அதை வைத்திருப்பது இன்னொரு கை. கட்டுவதை மட்டும் தடுத்திருந்தால், 'இது எங்கள் தாத்தா கட்டியது' என்று சொல்லி வீட்டுக்காரர் நழுவியிருப்பார். அந்த ஒரு வினை, கட்டாதவரையும் பொறுப்பாக்கியது. இடிக்காமல் வைத்திருப்பதும் ஒரு செயல்தான் என்று சட்டம் பார்த்தது. அந்தச் சட்டம் எவ்வளவு நடைமுறைக்கு வந்தது என்பது வேறு கதை. 2013இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டதே அதற்குச் சான்று.

'கன்டினியூ' இரண்டு பக்கமும் போகும். 'அது தொடர்கிறது' என்றும் எழுதலாம், 'நாம் தொடர்கிறோம்' என்றும் எழுதலாம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் முரண்பாடுகளின் வாழ்க்கையைப் பற்றிப் பேசியபோது, இந்த வினைக்கு 'நாம்' என்பதையே எழுவாயாக வைத்தார். சமத்துவமின்மை தொடர்கிறது என்று சொல்லவில்லை. சமத்துவத்தை எவ்வளவு காலம் மறுத்துக்கொண்டே இருப்போம் என்று எதிரே உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டார். தேர்ந்த வழக்கறிஞரின் வினைத் தேர்வு அது.

நீதிமன்றத்திலும் இந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. வழக்குத் தொடரக் காலவரம்பு உள்ள குற்றங்களில், காலம் கடந்துவிட்டது என்று சொல்லி எதிர்த்தரப்பு தப்பப் பார்க்கும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 472ஆம் பிரிவு, தொடர் குற்றமாக இருந்தால் அது தொடரும் ஒவ்வொரு கணமும் காலவரம்பு புதிதாகத் தொடங்கும் என்றது. எல்லாமே தொடர் குற்றம் ஆகிவிடாது. ஒருமுறை அடித்தது அடித்த அன்றே முடிந்த குற்றம். பொதுப்பாதையை அடைத்து வைத்திருப்பது அப்படியா என்று வாதாட இடமுண்டு. ஆகவே 'பாதை அடைபட்ட நிலை நீடிக்கிறது' என்று எழுதுவதற்குப் பதில், அடைத்தவர் பெயர், அடைத்த நாள், திறக்கச் சொல்லி மனுக் கொடுத்த நாள், இன்றுவரை அவர் அடைத்தே வைத்திருக்கிறார் என்ற வாக்கியம், அதன்கீழ் இன்றைய தேதி. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வாக்கியத்துக்கு 'கன்டினியூஸ் டு' என்பது போதும், அதன் முன்னால் அவர் பெயர் இருக்குமானால்.