தூக்கிப்போட்ட துணிக்கும் விலை உண்டு

விலை மலிவு என்று வாங்கிக் குவிக்கும் உடைகள் பீரோவோடு நின்றுவிடுவதில்லை. பழந்துணிச் சந்தைக்கும், கம்பளி ஆலைக்கும், கடைசியில் குப்பை மேட்டுக்கும் போகின்றன. அந்தப் பயணத்தைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது கை கொஞ்சம் யோசிக்கும்.

மேற்கு டெல்லியின் ரகுபீர் நகர். பொழுது விடிய இன்னும் நேரமிருக்கிறது. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாகப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து தரையில் இடம் பிடிக்கிறார்கள். மூட்டைகள் அவிழ்கின்றன. உள்ளே இருப்பது டெல்லியின் நடுத்தர வர்க்கம் கட்டிக் கழித்த துணிகள்: பேன்ட், சட்டை, ஸ்வெட்டர், சல்வார், ஜரிகைப் புடவை. கையில் டார்ச் விளக்கோடு வியாபாரிகள் குனிந்து பார்க்கிறார்கள். காலரைத் திருப்புகிறார்கள். தையலை இழுத்துப் பார்க்கிறார்கள். விரலால் துணியைத் தேய்த்துவிட்டு ஒரு விலை சொல்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பெண்களில் பெரும்பாலோர் குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாகரி சமூகத்தினர். தெருத்தெருவாகப் போய், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பது இவர்கள் தொழில். தமிழ்நாட்டுத் தெருக்களிலும் கேட்ட குரல்தான். நான்கு புடவைக்கு ஒரு டிபன் கேரியரா, ஆறுக்கா என்று வாசலில் நடக்கும் பேரத்தில் இரு தரப்புக்கும் ஒரு விஷயம் தெரியும்: கட்டிய துணிக்கும் மதிப்பு உண்டு.

அந்த மதிப்புதான் இப்போது கரைந்துகொண்டிருக்கிறது.

பிரித்து மேயும் சந்தை

ரகுபீர் நகரில் கை மாறிய துணி பல திசைகளில் பிரிகிறது. உடுத்தக்கூடிய நிலையில் இருப்பவை துவைத்து, கிழிசல் தைத்து, இஸ்திரி போட்டு வாரச் சந்தைகளுக்குப் போகின்றன. புதுச் சட்டை வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளிக்கு அங்கேதான் பேன்ட் கிடைக்கிறது. பட்டுப் புடவைகள் மெத்தை உறைகளாகவும், வெளிநாட்டுப் பயணிகள் விரும்பி வாங்கும் பாவாடைகளாகவும் மறுபிறவி எடுக்கின்றன. நைந்த பருத்தி, இயந்திரம் துடைக்கும் துணியாக ஒர்க் ஷாப்புகளுக்குப் போகிறது. கம்பளி, 90 கி.மீ. தள்ளியிருக்கும் பானிபட்டுக்கு.

மூன்று போர்களால் சரித்திரப் புத்தகத்தில் இடம்பிடித்த இந்த ஹரியானா நகரம், உலகின் பழந்துணித் தலைநகர்களில் ஒன்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தானமாகக் கொடுத்த கோட்டுகளும் ஸ்வெட்டர்களும் கூட கப்பலில் காண்ட்லா வழியாக இங்கே வந்து சேர்கின்றன. அணியக்கூடிய பழைய துணிகளைத் தாராளமாக இறக்குமதி செய்ய அனுமதியில்லை. எனவே வெட்டிச் சிதைத்த கந்தலாகத்தான் அவை நாட்டுக்குள் வரவேண்டும்.

ஆலைக் கிடங்குகளில் அரிவாள்மணை போல நிமிர்ந்து நிற்கும் கத்திகளின் முன் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பொத்தானும் ஜிப்பும் லேபிளும் தனியே போகின்றன. துணி நிறவாரியாகக் குவிகிறது. சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல். இந்தப் பிரிப்பில்தான் தொழிலின் சூட்சுமமே இருக்கிறது. நிறத்தோடு நிறம் சேர்த்துப் பிய்த்தால் மறுபடி சாயம் போடவேண்டிய அவசியம் இல்லை. சாயம் இல்லையென்றால் அதற்கான தண்ணீரும் ரசாயனமும் மிச்சம். பிறகு பல் சக்கரங்கள் துணியைக் கிழித்து இழையாக்குகின்றன. அதை நூற்று நெய்தால் 'ஷாடி' கம்பளி. பூகம்பம், வெள்ளம் என்று எங்கே பேரிடர் வந்தாலும் நிவாரண முகாம்களில் விநியோகிக்கப்படும் சாம்பல் நிறப் போர்வை பெரும்பாலும் இதுதான்.

மறுசுழற்சி என்ற வார்த்தை பிரபலமாவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பானிபட் அதைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் இதைப் பசுமைப் புராணமாக மட்டும் பாடிவிட முடியாது. கிழிக்கும் கூடங்களில் பறக்கும் பஞ்சுத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் போகிறது. முகத்தில் சுற்றிய துப்பட்டாதான் பலருக்கும் பாதுகாப்பு. ஊரின் சாய, பிளீச்சிங் பட்டறைகளின் கழிவு கால்வாய் வழியே யமுனையில் கலப்பது நீண்டகாலப் புகார்.

பாலியஸ்டர் கொடுத்த அடி

ஷாடிக்குப் பெரிய அடி கொடுத்தது பாலியஸ்டர். எடை குறைந்த, பளிச்சென்ற நிறத்தில் மெத்தென்றிருக்கும் புதிய பாலியஸ்டர் போர்வைகள் சந்தையைப் பிடித்தன. பானிபட்டின் பல ஆலைகளே அதற்கு மாறிக்கொண்டன. கந்தலிலிருந்து நெய்த போர்வையை, பெட்ரோலியத்திலிருந்து பிறந்த புதுப் போர்வை விலையிலேயே தோற்கடித்தது.

இழைக் கலப்பு இன்னொரு தலைவலி. பருத்தியில் பாலியஸ்டர், அதில் கொஞ்சம் எலாஸ்டேன் என்று நெய்த துணியைப் பிரித்தெடுப்பது கஷ்டம். இழுத்தால் நீளும் ஜீன்ஸ் உடுத்த சுகமானது. பிய்த்து நூற்கப் போனால் மக்கர் செய்கிறது. இன்னொரு உண்மையும் உண்டு. கிழிக்கும் ஒவ்வொரு முறையும் இழை குட்டையாகிறது. ஸ்வெட்டர் போர்வையாகும், போர்வை மெத்தைக்குள் அடைக்கும் பஞ்சாகும், அதன் பிறகு குப்பைதான். 'மறுசுழற்சி செய்யலாமே' என்ற தைரியத்தில் வாங்கிக் குவிப்பது கணக்குக்கு உதவாது.

'ஃபேஷன் ஃபார் குட்' அமைப்பு 2022ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78 லட்சம் டன் ஜவுளிக் கழிவு சேர்கிறது. உலகின் மொத்த ஜவுளிக் கழிவில் இது 8.5 சதவீதம். பழி முழுவதையும் வெளிநாட்டுக் கந்தல் மீது போடவும் வழியில்லை. இறக்குமதியாவது 7 சதவீதம்தான். பாதிக்கு மேல், அதாவது 51 சதவீதம், இந்திய வீடுகளில் உடுத்திக் கழித்தது. மீதி ஆலைகளிலும் தையல் கூடங்களிலும் விழும் துண்டு துணுக்குகள்.

மலிவின் மறுபக்கம்

கழிப்பது ஒருபுறம். அந்தத் துணி பிறப்பதற்கே கொடுக்கும் விலை இன்னொருபுறம். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சராசரியாக 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்பது உலக இயற்கை நிதியத்தின் கணக்கு. சாயத்தின் விலையைத் தெரிந்துகொள்ள வெளிநாடு போகவேண்டாம். பாசனத்துக்காக 1992ல் நொய்யலின் குறுக்கே திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக் கழிவின் தொட்டியாக மாறியது. விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறக்க முடிந்தது. சுத்திகரிப்புக்குச் செலவாகும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காத இடத்தில்தான் சட்டை மலிவாகிறது. இடத்தைப் பொறுத்து, நதி செலவை ஏற்கிறது. அல்லது தொழிலாளி ஏற்கிறார். டாக்கா அருகே 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த ரானா பிளாசா கட்டடத்தில் 1,100க்கும் அதிகமான தையல் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

கையால் நெய்பவர்கள் நிலைமையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. 2019-20ல் வெளியான நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலில் 35 லட்சம் பேர் இருக்கிறார்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. மின்சாரமே தேவைப்படாத தறியில் நெய்த துணி பூமிக்கு நல்லது என்று பேசுகிறவர்கள், நெய்தவரின் அடுப்பையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

நம்பிக்கை தருகிற இடங்களும் உண்டு. கட்ச் மாவட்டத்தில் மழையை மட்டும் நம்பி விளையும் 'காலா' பருத்தி, நாட்டு ரகம். பாசனமோ பூச்சிமருந்தோ கேட்பதில்லை. இழை குட்டை என்பதால் ஆலைகள் சீண்டாமல் விட்டிருந்தன. 2001 பூகம்பத்துக்குப் பிறகு உருவான கமிர் என்ற அமைப்பு, இதைப் பயிரிடும் விவசாயியையும் நூற்பவரையும் நெசவாளரையும் ஒரே சங்கிலியில் கோத்தது. தடித்த, சொரசொரப்பான அந்தத் துணிக்கு இன்று நகரங்களில் ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

கடையில் என்ன பார்க்கலாம்?

நல்ல துணி என்றால் பணக்காரர் சமாசாரம் என்று ஒதுங்கவேண்டியதில்லை. 400 ரூபாய்ச் சட்டை பத்துத் தடவை உடுத்தியதும் தொய்ந்துபோனால் ஒரு தடவைக்கு 40 ரூபாய். 1,200 ரூபாய்ச் சட்டை நூறு தடவை தாங்கினால் 12 ரூபாய்தான். மொத்தமாக 1,200 ரூபாய் புரட்ட முடியாத குடும்பத்துக்கு இந்தக் கணக்கு கசக்கும் என்பதும் நிஜம். அவர்களுக்கும் பயன்படும் சோதனைகள் உண்டு.

உடையை உட்புறம் திருப்பிப் பார்க்கலாம். தையல் நெருக்கமாக இருக்கிறதா? பிரித்துத் தைக்கத் தையலுக்குள் துணி விட்டிருக்கிறார்களா? லேபிளில் இழை விவரத்தைப் படிக்கலாம். கலப்பு குறைந்தால் பின்னால் பயன்பாடு கூடும். சந்தேகமிருந்தால் வாங்கிய துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாதுகாப்பாகக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றமடிக்கும். பாலியஸ்டர் உருகி மணியாக உறையும்.

முத்திரைகள் உதவும். பட்டுக்கு 2004லிருந்து சில்க் மார்க். கைத்தறிக்கு 2006லிருந்து ஹேண்ட்லூம் மார்க். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று தலையில் கட்டுவது சகஜமாகிவிட்ட நிலையில் இந்தக் காப்பு அவசியம். ஆனாலும் முத்திரையே வேதமல்ல. இயற்கை ஜவுளிக்குச் சான்று வழங்கும் சர்வதேச அமைப்பான ஜி.ஓ.டி.எஸ்., 2020ல் இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு இயற்கைப் பருத்தியாக உலா வந்ததைக் கண்டுபிடித்தது. 'ஆர்கானிக்' என்று பச்சை எழுத்தில் அச்சிட்டால் போதாது, சான்று எண்ணையும் கேட்கவேண்டும்.

எல்லாவற்றையும் விட மலிவானது, ஏற்கனவே வீட்டில் இருக்கும் துணி. பழம்புடவைகளை அடுக்கித் தைத்து வங்காளத்தில் காந்தாவும் மகாராஷ்டிரத்தில் கோதடியும் கர்நாடகத்தில் கௌதியும் செய்தது கலைக்காக அல்ல, சிக்கனத்துக்காக. தமிழ் வீடுகளில் அம்மாவின் நூல் புடவை தூளியானதும் அதே கணக்கில்தான். தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால் ஜிப் மாற்ற ஆகும் செலவு புது பேன்ட்டின் விலையில் ஒரு துளி. தரத் தகுந்த நிலையில் இருப்பதைத் தானம் தரலாம். 1999ல் தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு, நகரத்துப் பழந்துணியைக் கிராமங்களில் இலவசமாக வீசாமல், கிணறு தூர் வாரவும் பாதை போடவும் உழைத்தவர்களுக்கு வெகுமதியாகத் தருகிறது. நைந்த பருத்தியில் ஏழைப் பெண்களுக்கு மாதவிடாய்த் துணி தயாராகிறது. அதன் நிறுவனர் அன்ஷு குப்தாவுக்கு 2015ல் மகசேசே விருது கிடைத்தது. கிழிந்து நாறியதை மூட்டை கட்டி அனுப்புவது தானமல்ல, குப்பையை இடம் மாற்றுவது.

ரகுபீர் நகரின் டார்ச் விளக்கு வியாபாரி காலரைத் திருப்பி, தையலை இழுத்து, துணியை விரலால் தேய்ப்பது இன்னும் எத்தனை நாள் உழைக்கும் என்று பார்க்கத்தான். அவர் பழந்துணிக்குக் கொடுக்கும் அந்த ஒரு நிமிடத்தை, கடையில் புதுத் துணிக்குக் கொடுப்பவர்கள் குறைவு. அப்படிக் கொடுத்தால் பல உடைகள் பில் போடும் இடம் வரைக்கும் வரவே வராது.