சாவியைக் கீழே போடுங்கள்

பாம்பன் தீவின் அக்காள்மடம் பஸ் நிறுத்தத்தில் ஒரு பையன் வலிப்பு வந்து விழுந்தான். பதினேழு வயதிருக்கும். கை கால் வெட்டி இழுக்கிறது. நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் உள்ளங்கையில் பைக் சாவியைத் திணித்தார். நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று இன்னொருவர் பல்லிடுக்கில் டீக்கடைக் கரண்டியைச் செருகினார். இரண்டு நிமிடத்தில் அடங்கியது. முன்பல் ஒன்று பாதியாகியிருந்தது. "சாவி குடுத்ததும் நின்னுருச்சு பாத்தீங்களா" என்றபடி கூட்டம் கலைந்தது.

சாவி இல்லாவிட்டாலும் நின்றிருக்கும். பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். அதுவரை பக்கத்தில் கல், கம்பி இருந்தால் நகர்த்துங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். செல்போனில் மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ, கர்ப்பிணியானாலோ, வந்தது தண்ணீருக்குள் என்றாலோ உடனே 108. வாயில் எதையும் வைக்காதீர்கள். சோடாவும் வேண்டாம்.

விழுந்து துடித்தால்தான் ஃபிட்ஸ் என்று நினைக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதும். "கவனமில்லை" என்று டீச்சர் திட்டுவார். அதுவும் வலிப்பாக இருக்கலாம். வலை பின்னிக்கொண்டிருந்தவர் கூப்பிட்டால் திரும்பாமல், வாயை மென்றுகொண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பார். பிறகு கேட்டால் நினைவிருக்காது. இவர்களைத்தான் காத்துக் கருப்பு என்று கயிறு கட்ட அழைத்துப்போகிறோம். காலையில் கை வெடுக்கென உதறி டீ டம்ளர் பறக்கும் பிள்ளைகளும் உண்டு. கைக்குழந்தை தூங்கி எழுந்ததும் திரும்பத் திரும்பத் தலையைக் குனிந்து மடங்கினால் உரம் விழுந்தது என்று எடுக்கப் போகாதீர்கள். அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். நாள் கடந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படலாம்.

கயிறு கட்டுவதையும் வேண்டுதலையும் தடுக்க நான் யார்? ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், வேண்டுதலுக்கென அழைத்துவரப்பட்டுச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள், 28 உயிர் போனது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. வேண்டிக்கொள்ளுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் நேரத்தில் பெரும்பாலும் வலிப்பு வராது. அதனால் வரும்போது வீட்டில் ஒருவர் வீடியோ எடுங்கள். தேதி, நேரம், எந்தப் பக்கம் முதலில் இழுத்தது, முந்தின இரவு தூங்கினாரா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிந்துரைச் சீட்டு வாங்கி, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டருக்கு இந்த நோட்டு பெரிய உதவி. அரை நிமிடத்தில் சீட்டெழுதித் தள்ளும் டாக்டராக இருந்தாலும் நோட்டை மேசையில் விரித்து வையுங்கள். "ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்ற பதிலோடு வீடு திரும்பாதீர்கள். வலிப்பு மாத்திரைக்கு அடுத்த வாரம் கிடையாது. திடீரென நிறுத்தினால் அடங்காத வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. குழந்தைப்பேறு வயதுப் பெண்கள் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையைச் சாப்பிட்டால் கருவைப் பாதிக்கலாம். மாற்றுவது டாக்டர் வேலை, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தூக்கம் கெட்டால் வலிப்பு தேடி வரும். இரவெல்லாம் கண் விழிக்கும் விசைப்படகு வேலை வலிப்புள்ளவர்களுக்கு ஆகாது. பாசி எடுக்க முங்கும் பெண்களுக்கும் ஒரு வார்த்தை: மேலே அலை என்றால் கரையேறலாம், தண்ணீருக்குள் வலிப்பு என்றால் வழியில்லை. தனியாக முங்காதீர்கள். கிணற்றடியிலும் விறகடுப்பிலும் இதே கவனம்.

இனிக் காகிதங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்பு உண்டா என்று கேட்கிறது. பொய் எழுதாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தைகளை 1999-லேயே நீக்கிவிட்டார்கள். அதைச் சொல்லி யாரும் மிரட்ட முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் வலிப்பு தனிப்பெயராக இல்லை. "ஃபிட்ஸ் அட்டை" வாங்கித் தருகிறேன் என்கிற புரோக்கருக்குக் காசு தராதீர்கள். கூடவே மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ இருந்தால் அதற்காக யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் கேட்க வேண்டிய இடம்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று பலமானால் பாம்பன் பாலம் தாண்டுவதே பாடு. ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாக, நனையாத டப்பாவில் இருக்கட்டும். அந்த டப்பாவுக்குள்ளேயே மருந்துச் சீட்டின் நகலையும் மடித்து வையுங்கள்.