சனிக்கிழமையைத் தின்னும் மழை

கோல்ஃப் வளர்ந்த மண்ணான ஸ்காட்லாந்தில் ஒரு காலத்தில் கோடை, கோல்ஃப் ஆடும் பருவமாகவே இருக்கவில்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற கடற்கரை ஊர்களில் இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரைதான் ஆட்டம். காரணம் புல். ஜூன், ஜூலையில் ஓங்கி வளர்ந்து நிற்கும் புல்லுக்குள் பந்து விழுந்தால் அதைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். ஆடுகளும் முயல்களும் மேய்ந்து, குளிர் இறங்கி, புல் அடங்கிய பிறகுதான் மட்டையைக் கையில் எடுப்பார்கள். முதல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டி 1860 அக்டோபர் 17 அன்று பிரெஸ்ட்விக்கில் நடந்தது. ஆடியவர்கள் எட்டுப் பேர். மைதானத்தில் 12 குழிகள். மூன்று சுற்றும் ஒரே நாளில் முடிந்துவிட்டன. இன்று அதே ஓப்பன் நடப்பது ஜூலையில்.

இந்த மாற்றத்துக்கு வித்திட்டவர் கோல்ஃபுக்கே சம்பந்தமில்லாத ஒருவர். இங்கிலாந்தின் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அது மெல்ல மெல்ல மைதானங்களுக்கு வந்து சேர்ந்தது. புல் மனிதனின் கட்டுக்குள் வந்ததும் கோடை திறந்துகொண்டது. அதுவும் எப்படிப்பட்ட கோடை! ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து மாலை ஐந்தரைக்கு வந்து சேர்கிறவர்கூட அவசரமில்லாமல் 18 குழிகளையும் ஆடிவிட்டு, பகல் வெளிச்சத்திலேயே வீடு திரும்பலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் கோல்ஃப் என்றால் பெரிய அதிகாரிகளும் பணக்காரர்களும் ஆடுவது என்ற எண்ணம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் கதவைச் சாத்திக்கொண்ட கிளப்புகள் உண்டுதான். ஆனால் அதற்கு இணையாக நகராட்சி மைதானங்களும் சிற்றூர்க் கிளப்புகளும் உண்டு. தபால்காரரும் பள்ளி ஆசிரியையும் தச்சரும் அங்கே உறுப்பினர்கள். உலகப் புகழ்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானமே பொதுச் சொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுவாக அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன் குறுக்கே நடந்து போவார்கள். கோடை மழை கெடுப்பது இந்தச் சாதாரண மனிதர்களின் ஆட்டத்தைத்தான். அதனால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

மழை அவர்களுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் பாதி, ஈரத்தோடு நடந்த மல்லுக்கட்டுதான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பந்து என்பது தைத்த தோலுக்குள் வேகவைத்த வாத்திறகைத் திணித்துச் செய்வது. ஒரு பந்துக்கு ஒரு தொப்பி நிறைய இறகு வேண்டும். கைதேர்ந்தவர்கூட நாளொன்றுக்கு மூன்று நான்கு பந்துதான் செய்ய முடியும். விலையும் அதற்கேற்ப இருந்தது. மழை வந்தால் தோல் ஊறிக் கனத்துவிடும். தையல் விட்டு, அடித்த அடியில் பந்து பிய்ந்து இறகு பறக்கும். ஆகவே மழை நாளில் ஆடுவது என்பது பணத்தைத் தண்ணீரில் கரைப்பது.

1848 வாக்கில் கட்டபர்ச்சா பந்து வந்தது. மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் உறைந்து கிடைப்பது கட்டபர்ச்சா. செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ராபர்ட் ஆடம்ஸ் பேட்டர்சனுக்குக் கீழ்த்திசை நாட்டிலிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாகவும், சிலை உடையாதபடி சுற்றிலும் அடைத்திருந்த கட்டபர்ச்சாவை உருட்டித்தான் அவர் முதல் பந்தைச் செய்தார் என்றும் ஒரு கதை கோல்ஃப் உலகில் வழங்கிவருகிறது. கதை எப்படியிருந்தாலும், அந்தப் பந்து தண்ணீருக்கு அஞ்சவில்லை. விலையும் இறகுப் பந்தைவிட மிகக் குறைவு. எளியவர்கள் இந்த ஆட்டத்துக்குள் வர வழி திறந்ததில் மழைக்கு ஈடுகொடுத்த அந்தப் பந்துக்குப் பெரும் பங்கு உண்டு.

விதிகளிலும் இந்த மல்லுக்கட்டின் தடம் இருக்கிறது. 1744இல் எடின்பரோவை அடுத்த லீத்தில் எழுதப்பட்ட 13 விதிகள்தாம் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள். அவற்றில் ஐந்தாவது தண்ணீரைப் பற்றியது. பந்து தண்ணீரிலோ சேற்றிலோ விழுந்தால் வெளியே எடுத்து வைத்து ஆடலாம். ஆனால் அதற்கு ஓர் அடி தண்டம். இன்றோ மழையால் தேங்கிய தண்ணீரைத் தற்காலிக நீர் என்று விதிநூல் தனியே பிரித்திருக்கிறது. அதிலிருந்து பந்தை எடுத்து வைக்கத் தண்டமே இல்லை. சேற்றில் புதைந்த பந்துக்கும் 2019 விதிகள் தாராளமாகச் சலுகை தருகின்றன. அக்காலத்து மனிதருக்கு மழை அவருடைய ஆட்டத்தின் ஒரு பகுதி. நனைந்தால் அவர் பாடு. இப்போது விதி மனிதர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் மைதானமே மூடிக் கிடக்கும்போது எந்தச் சலுகை உதவும்?

அன்று மைதானம் மூடப்படாததற்குக் காரணம் மண். கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட மணல்மேட்டு நிலத்தில்தான் கோல்ஃப் வளர்ந்தது. உழவுக்கு உதவாத நிலம். ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் மளமளவென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். மழை விட்ட சற்று நேரத்துக்கெல்லாம் காலடியில் ஈரம் தெரியாது. பழைய மைதானத்தை நெடுங்காலம் பராமரித்த டாம் மோரிஸ் புல்லின் மேல் மணலைத் தூவிக்கொண்டே இருந்தார். நீர் வடியவும் புல் தழைக்கவும் அதுவே மருந்து என்று அனுபவத்தில் கண்டுகொண்டவர் அவர்.

பிறகு இரயில் வந்தது, நகரங்கள் பெருத்தன, ஆட்டத்தின் மோகம் பரவியது. 1880களிலிருந்து முதல் உலகப் போர் வரை ஊருக்கு ஊர் கிளப்புகள் முளைத்தன. எல்லாருக்கும் கடற்கரை மணல் கிடைக்குமா? கிளாஸ்கோவைச் சுற்றி இருந்தது களிமண். எடின்பரோவில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர் என்றால் மேற்கே கிளாஸ்கோவில் 1,100ஐத் தாண்டும். அதிக மழை பெய்யும் இடத்தில், நீரை விடாத மண்ணின் மேல் மைதானங்களை அமைத்தார்கள். அடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்து நீரை ஓடைக்குத் திருப்பினார்கள். அன்றைய மழைக்கு அது போதுமானதாக இருந்தது.

இன்று போதவில்லை. பிரிட்டனின் காலநிலைக் கூட்டணி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கிளாஸ்கோ வட்டாரத்தில் 2016-17இல் கோல்ஃப் ஆடக் கிடைத்த நேரம் பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட 20 சதவீதம் குறைந்திருந்தது. ஐந்து நாள் ஆடிய இடத்தில் நான்கு நாள். ஸ்காட்லாந்தின் ஆண்டு மழை 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டில், 1961-90 சராசரியைவிடச் சுமார் 9 சதவீதம் கூடியிருக்கிறது. குளிர்கால மழை மட்டும் 19 சதவீதம் கூடுதல். குளிர்காலத்தில் ஊறிய களிமண் ஏப்ரல், மே ஆகியும் காயாமல் கிடக்கிறது. கோடையின் முதல் பெருமழைக்கே அது நிரம்பி வழிகிறது.

நிரம்பிய மண்ணில் என்ன நடக்கிறது என்பதை மைதானப் பராமரிப்பாளர்கள் நன்றாக அறிவார்கள். மண்துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றுவெளிகளில் நீர் புகுந்துவிட, வேர் மூச்சுத் திணறுகிறது. புல்வெட்டும் வண்டியை இறக்கினால் சக்கரம் பதிந்து மண் இறுகிவிடும். இறுகிய மண்ணில் அடுத்த மழை இன்னும் கீழே இறங்காது. மணற்குழிகள் குட்டைகளாகி, சரிவிலிருந்த மணலெல்லாம் அடியில் வந்து சேரும். அதை மறுபடி வாரி மேலேற்ற ஆட்கள் வேண்டும், நாட்கள் வேண்டும். மழை நின்றும் மைதானம் திறக்காததன் காரணம் இதுதான். வெயிலடிக்கும் சனிக்கிழமையில் கதவு மூடிக் கிடப்பதைப் பார்த்து உறுப்பினர்கள் கோபப்படுவார்கள். விடியற்காலையில் டார்ச் விளக்கோடு மைதானத்தைச் சுற்றிவந்து மூடுவதா திறப்பதா என்று முடிவெடுக்கும் பராமரிப்பாளரின் பக்கமே நான் நிற்பேன். அவசரப்பட்டு ஒரு நாள் திறந்தால் ஒரு மாதத்துப் புல் போய்விடும்.

அன்றைய கோடை மழைக்கும் இன்றையதற்கும் அளவைவிடத் தன்மையில்தான் வேறுபாடு அதிகம். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். எல்லாக் கோடையும் நனைந்த கோடை என்று சொல்லிவிடவும் முடியாது. 2018 ஓப்பனில் கார்னூஸ்டி மைதானம் காய்ந்து பழுப்பேறிக் கிடந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 2023இல் பிரிட்டன் தன் வரலாற்றிலேயே மிக வெப்பமான ஜூனைக் கண்டது. அடுத்து வந்த ஜூலை, மிக அதிகம் மழை பெய்த ஜூலைகளில் ஒன்றானது. ஆகஸ்டில் ஆண்டனி, பெட்டி என்று பெயர் சூட்டப்பட்ட இரண்டு புயல்கள். 2025 கோடை அந்நாட்டின் பதிவுகளிலேயே மிக வெப்பமானது. அதே கோடையில், ஆகஸ்ட் 4 அன்று, ஃப்ளோரிஸ் புயல் ஸ்காட்லாந்தை உலுக்கியது. முன்பெல்லாம் மேகத்தைப் பார்த்து, காற்றின் திசையைப் பார்த்து, ஒரு சுற்று முடிக்க நேரமிருக்கும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால் நம்பி இறங்கலாம். இன்று அந்த அனுபவ அறிவு அவருக்கே கைகொடுப்பதில்லை.

மழையால் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் இடைஞ்சல் வராமலில்லை. 1988 ஓப்பனில் ராயல் லிதம் மைதானத்தில் சனிக்கிழமை ஆட்டம் முழுவதும் மழையில் போயிற்று. திங்களன்று ஆடி முடித்தார்கள், செவே பாயஸ்டெரோஸ் வென்றார். 2015இல் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் மழையும் காற்றும் சேர்ந்து போட்டியைத் திங்கள் வரை இழுத்தன. ஆனால் அவர்களுக்குத் திங்கள் இருக்கிறது. அதுதான் அவர்களுடைய வேலைநாளும்கூட. வாரம் முழுக்கக் கடையிலோ அலுவலகத்திலோ உழைத்துச் சனிக்கிழமை காலை ஒரு சுற்றுக்காகக் காத்திருப்பவருக்குத் திங்கள் ஏது? அவர் இழப்பது ஓர் ஆட்டத்தை மட்டுமல்ல. 2020இல் பிரிட்டனுக்கு வந்த ஹாண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டைக் கொண்டே ஒருவரின் தரம் கணக்கிடப்படுகிறது. சுற்றுகளே நடக்காவிட்டால் அந்தக் கணக்கு பழைய கணக்காகவே நிற்கும். ஆண்டுச் சந்தா முன்கூட்டியே கட்டியாயிற்று. அதை மறுபடி கட்டுவதா என்ற கேள்வி இலையுதிர் காலத்தில் வீட்டில் எழும். வயதானவர்களுக்கு இன்னும் கடினம். மனைவியை இழந்த ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள் பேச்சுத்துணை கிடைப்பது அந்த நான்கு மணி நேர நடையில்தான் என்றால், பறிபோன சனிக்கிழமையின் பெறுமதியை யார் கணக்கிடுவது?

கடற்கரை மைதானங்கள் இதற்குத் தப்பின என்றும் சொல்ல முடியவில்லை. மணல் மழையை விழுங்கிவிடும். கடல் மணலையே விழுங்குகிறது. 1562 முதல் கோல்ஃப் ஆடப்பட்டுவரும் மான்ட்ரோஸில் முப்பது ஆண்டுகளில் கடல் 70 மீட்டர் உள்ளே வந்துவிட்டதாக டண்டீ பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது.

வானத்தைக் குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது நேர்மையாகாது. காற்றைச் சூடாக்கியது நாம். களிமண்ணில் மைதானம் அமைத்துவிட்டு, நூறாண்டு பழைய வடிகுழாய்களை மறந்து, கிளப் கட்டடத்தின் உணவறைக்கு அழகூட்டியவர்களும் உண்டு. கோல்ஃபின் உலக நிர்வாக அமைப்புகளில் ஒன்றான ஆர் அண்ட் ஏ, மாறும் காலநிலைக்கு மைதானங்களைத் தயார்ப்படுத்த 2018இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது நல்ல செய்தி. தாழ்வான பகுதிகளைத் தண்ணீருக்கே விட்டுக்கொடுப்பது, மேட்டுப் பகுதியில் ஒன்பது குழிகளையாவது எந்நாளும் ஆடத்தக்கதாக வைப்பது, நனைந்த சனிக்கிழமைப் போட்டியை வாரநாளின் நீண்ட மாலை வெளிச்சத்துக்கு மாற்றுவது என்று செய்யக்கூடியவை பல இருக்கின்றன. இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. பணமும் மனமும் போதும்.

ஓப்பன் போட்டியால் ஆண்டுதோறும் பெரும் வருவாய் வருகிறது. அதில் ஒரு பங்கு முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் புகழ்பெற்ற கடற்கரை மைதானங்கள் அல்ல. கிளாஸ்கோ ஓரத்துக் களிமண்ணில் குறைந்த கட்டணத்தில் ஆடவிடும் நகராட்சி மைதானங்களின் வடிகால்களுக்கு அது போகட்டும். நாளைய ஆட்டக்காரர்கள் அங்கிருந்துதான் வரவேண்டும்.