இன்க்ரிமென்ட் சந்தோஷம் எத்தனை நாள்?

போன வருஷம் சம்பளம் உயர்ந்தபோது ஆபீஸ் பூராவும் ஸ்வீட் கொடுத்தார் நண்பர். இந்த வருஷமும் உயர்ந்தது. ஸ்வீட்டைக் காணோம்.

''பக்கத்து ஸீட்காரனுக்கு என்னைவிட எண்ணூறு ரூபாய் ஜாஸ்தி ஸார்!'' என்றார், துக்க வீட்டுக் குரலில். பன்னிரண்டு வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அந்தப் பக்கத்து ஸீட்காரரோடு ஒரு மாதமாகப் பேச்சே இல்லையாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனசுக்கு மாறுதலாக இருக்கட்டுமே என்று அவரைத் தாராசுரம் கூட்டிப் போனேன். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 12-ம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜ சோழன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில், 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது.

அங்கே ஒரு சிற்பம். காளையும் யானையும் எதிரெதிரே நிற்கின்றன. ஆனால், இரண்டுக்கும் சேர்த்துத் தலை ஒன்றுதான்! ஒரு பக்க உடம்பைக் கையால் மறைத்தால் காளை. மறுபக்கத்தை மறைத்தால் யானை. நண்பர் நாலைந்து தடவை மறைத்து மறைத்துப் பார்த்தார்.

''கல்லு அப்படியேதான் இருக்கு ஸார். என் கைதான் மாறுது!''

''உங்க சம்பளமும் அதே கதைதான். போன வருஷத்தோட வச்சுப் பார்த்தா லாபம். பக்கத்து ஸீட்டோட வச்சுப் பார்த்தா நஷ்டம். தொகை ஒண்ணுதானே?''

நண்பர் பதில் சொல்லவில்லை. பிராகாரத்தில் உட்கார்ந்து, படித்த ஒரு சமாசாரத்தைச் சொன்னேன்.

அமெரிக்காவில் பிரிக்மேன் என்ற மனவியல் அறிஞரும் சகாக்களும் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இல்லினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு விழுந்த 22 பேர். பரிசு விழாத 22 பேர். பரிசுக்காரர்களின் சந்தோஷம் மற்றவர்களைவிடச் சொல்லும்படி அதிகமாக இல்லை. அதைவிட வேடிக்கை, நண்பரோடு அரட்டை, காலை டிபன், ஒரு ஜோக், பத்திரிகை படிப்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் ருசித்தன. (லாட்டரி விழாத வாசகர்கள் இந்தப் பக்கத்தை முழு ருசியோடு படிக்கலாம்!)

''அப்ப பணமே வேண்டாங்கறீங்களா?'' என்று மடக்கினார்.

வேண்டும் ஸ்வாமி! வீட்டு வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் வேதாந்தம் செல்லாது. 22 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதவும் முடியாது. லாட்டரிக்காரர்களை வைத்து ஸ்வீடனில் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2020-ல் வெளியானது. பெரிய பரிசு விழுந்தவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடியது. பல வருஷம் கழித்தும் குறையவில்லை. ஆனால், சந்தோஷம் அந்த அளவுக்குக் கூடவில்லை.

ஆக, பணம் கவலையைக் குறைக்கும். நிம்மதிக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். அதனிடம் போய் 'தினமும் தீபாவளி கொண்டா' என்று கேட்டால் எப்படி? தினமும் தீபாவளி என்றால் பட்டாசுச் சத்தமே தலைவலி ஆகிவிடாதா?

கிளம்பும்போது நண்பர் இன்னொரு தடவை அந்தச் சிற்பத்திடம் போனார். இந்த முறை கையால் எதையும் மறைக்கவில்லை. சும்மா பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஸீட்டுக்கே போய்விட்டாராம்.

எண்ணூறு ரூபாய் வித்தியாசம் இன்னும் தீரவில்லை. புளியோதரை மட்டும் அன்றைக்கே தீர்ந்துவிட்டது!