நொண்டும் குதிரையைத் தேற்ற முடியுமா? வலி ஊசி போட்டு ஓட்டினால் காலே போய்விடும்!

மெரினாவிலும் பெசன்ட் நகர் பீச்சிலும் சாயங்காலம் ஆனால் குதிரை சவாரி களைகட்டும். குழந்தையை ஏற்றிவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் கூடவே ஓடுகிறவருக்கு அந்தக் குதிரைதான் சோறு. அது ஒருநாள் காலையில் ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைத்தால், அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகம்.

அதுவும் காணும் பொங்கலுக்கு 2 நாள் முன்பு என்றால் கேட்கவே வேண்டாம். வருஷத்தில் கொஞ்சம் காசு பார்க்கிற நாள் அது. "ஒரு ஊசியைப் போட்டு ஓட்டு, பொங்கல் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றுதான் மனசு சொல்லும்.

பல குதிரைகள் நிரந்தர நொண்டி ஆவது அந்த 'அப்புறம்' என்ற ஒரு வார்த்தையால்தான். நொண்டுகிற குதிரை எல்லாம் முடிந்துபோன குதிரை அல்ல. நேரத்தில் கவனித்தால் மறுபடி வேலைக்கு வருகிற குதிரைகள் நிறைய. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒற்றை விரலில் நிற்கும் உடம்பு

குதிரை நிற்பது பாதத்தில் அல்ல, விரலில். ஒவ்வொரு காலிலும் நடுவிரல் ஒன்றுதான் தரையைத் தொடுகிறது. அந்த விரலின் நகம்தான் குளம்பு. முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்லும் இடம், மனிதனுக்கு மணிக்கட்டு. 400, 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரையும் சரி, மலையில் ஓடும் மட்டக்குதிரையும் சரி, நிற்கிற விதம் இதுதான். மொத்த எடையில் 100-க்கு 60 பங்கு முன்னங்கால்கள் மேலேயே விழுகிறது. அதனால் நொண்டலும் முன்னங்காலில்தான் அதிகம்.

முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பு, அதை ஒட்டிக் கயிறு மாதிரி ஓடும் தசைநாண்கள், மேலே தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் அடிபட்டால் ஆறுவதும் மெதுவாகத்தான்.

தலை காட்டிக்கொடுக்கும்

எந்தக் கால் வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, துள்ளு நடையில் ஓடவிட்டுப் பார்க்கணும். முன்னங்கால் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலையை இறக்கும். பழக்கம் இல்லாதவர்கள் தலை இறங்குகிற காலைத்தான் நோய்க்கால் என்று நினைத்து, நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள். பின்னங்கால் என்றால் இடுப்பைக் கவனிக்க வேண்டும். வலிக்கிற பக்கத்து இடுப்பு மற்ற பக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

மணலில் நடத்திப் பார்த்தால் இது சரியாகத் தெரியாது. கயிற்றை இறுக்கிப் பிடித்தாலும் தெரியாது. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழா சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்களும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். விற்கிறவர் கயிற்றை மேலே இழுத்துப் பிடித்தபடியே ஓட்டிக் காட்டினால், "கொஞ்சம் தளர்த்துங்க அண்ணே" என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது கையை வைத்துப் பார்ப்பது. ஒரு குளம்பு மட்டும் மற்றவற்றைவிட சூடாக இருக்கிறதா? கணுக்காலின் பின்பக்கம் ஓரத்தில் விரல் வைத்தால் நாடி 'திம் திம்' என்று அடிக்கிறதா? இரண்டும் இருந்தால் கோளாறு அநேகமாக குளம்புக்குள்ளேதான்.

ராத்திரி நன்றாக இருந்த குதிரை காலையில் மூன்று காலில் நிற்கும். எலும்பே முறிந்துவிட்டதோ என்று பதறுவார்கள். பல தடவை பார்த்தால் குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கும். குளம்பு நம் நகம் மாதிரி, விரிந்து கொடுக்காது. உள்ளே சேரும் சீழுக்கு இடம் இல்லாமல் உயிர் போகிற வலி எடுக்கும். டாக்டர் அடிப்பக்கம் சின்னத் துவாரம் போட்டு வடித்துவிட்டால், அன்றைக்கே காலை ஊன்றுகிற குதிரைகள் உண்டு. பிறகு வெந்நீரில் எப்சம் உப்பு கலந்து ஊறவைத்து, சுத்தமான துணியால் கட்டி, அழுக்கு படாமல் சில நாள் வைத்தால் போதும்.

ஆணி குத்தியிருந்தால் மட்டும் அவசரம் கூடாது. டாக்டர் சீக்கிரம் வருவார் என்றால் அப்படியே விட்டுவைப்பது நல்லது. ஆணி எதைத் தொட்டிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரியும். பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றால் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று அடையாளம் வைக்கணும். ரணஜன்னி தடுப்பூசியும் கட்டாயம் போடணும். ஆடு, மாடுகளைவிட குதிரைக்கு அந்த நோய் சுலபத்தில் வரும். கால் ஆறி உயிர் போவது இதனால்தான்.

பாசத்தில் வரும் நோய்

சிலருக்குக் குதிரை மேல் பாசம் அதிகம். விசேஷ வீட்டில் மிச்சமான சோறு, பை நிறைய கொள்ளு என்று ஒரேயடியாகக் கொடுத்துவிடுவார்கள். வயிறு கெட்டு, அந்த விஷம் ரத்தத்தில் ஏறி குளம்பில் போய் நிற்கும். குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைத்துவைத்திருக்கும் மெல்லிய மடிப்புகள் வீங்கி, பிடி விட்டுப்போகும். 'லேமினைடிஸ்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பின்பக்கமாகச் சாய்ந்து குதிரை நின்றால் இந்த நோய் என்று சந்தேகப்படணும்.

பிடி விட்டுப்போன எலும்பு உள்ளே சுழன்று கீழே இறங்கிவிட்டால் ஆயுசுக்கும் நொண்டல்தான். அப்படி ஆகாமல் தடுக்க முதல் 2, 3 நாள்தான் கெடு. குளம்பிலிருந்து முட்டிக்குக் கீழ்வரை ஐஸ் தண்ணீரில் தொடர்ந்து வைத்திருப்பது பெரிய வைத்தியம். காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸ் போதும், இதற்கென்று சீமை மருந்து தேட வேண்டாம். டாக்டர் வரும்வரை சும்மா நிற்காமல் இதைச் செய்யலாம்.

கெட்டுப்போன குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். மேலிருந்து கீழ்வரை புதுக்குளம்பு வந்துசேர ஏறக்குறைய ஒரு வருஷம். அதுவரை 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிக்கிறவர் கையால் சீவித் திருத்தணும். குதிரை தேறுவதில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

நல்ல காலுக்கும் ஆபத்து

'குதிரைக்குக் கால் முறிந்தால் சுட்டுவிடுவார்கள்' என்று சினிமாவில் பார்த்திருப்பார்கள். ஏன் கட்டுப்போட்டுப் படுக்கவைக்க முடியாது? குதிரையால் ரொம்ப நேரம் படுத்திருக்க முடியாது. சொந்த எடையே அதன் சதையையும் நுரையீரலையும் அழுத்திவிடும். நின்றுகொண்டே இருந்தால், அடிபட்ட காலின் பாரமும் சேர்ந்து நல்ல காலின் மேல் விழும்.

அமெரிக்காவில் 2006 மே 6-ந் தேதி கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஜெயித்தது பார்பரோ என்ற குதிரை. இரண்டே வாரத்தில், மே 20-ந் தேதி அடுத்த பந்தயத்தில் அதன் வலது பின்னங்கால் எலும்பு 20-க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. தகடு வைத்து 27 திருகாணிகள் போட்டு டாக்டர்கள் சேர்த்தார்கள். காசுக்குப் பஞ்சம் இல்லாத குதிரை. நாடே அதற்காக வேண்டிக்கொண்டது. ஜூலை மாதம் அடிபடாத இடது பின்னங்காலின் குளம்பில் லேமினைடிஸ் வந்தது. போராடிப் பார்த்துவிட்டு, 2007 ஜனவரி 29-ந் தேதி கருணைக்கொலை செய்தார்கள்.

எனவே ஒரு கால் நொண்டினால் தினமும் மற்ற மூன்று காலையும் தொட்டுப் பார்க்கணும். நல்ல காலுக்கும் மெத்தென்ற ஆதாரம் கொடுக்கணும். லாயத்தில் மரத்தூளோ வைக்கோலோ தாராளமாகப் பரப்பணும்.

ஊசி மயக்கம்

வலி மருந்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பினைல்பியூட்டசோன் என்ற மருந்தை குதிரை டாக்டர்கள் பல காலமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் அளவு மீறினால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் கோளாறு. அதைவிட மோசம், மருந்து கொடுத்துவிட்டு வேலைக்கு ஓட்டுவது. வலிதான் குதிரைக்குக் காவல்காரன். அவனைத் தூங்கவைத்துவிட்டு ஓட்டினால், லேசாகக் கிழிந்த தசைநாண் முழுசாகக் கிழியும்.

மெடிக்கலில் கிடைக்கும் மனிதர்களுக்கான டைக்ளோபினாக் ஊசியைப் போடுவதும் கூடாது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. செத்த கால்நடையைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். சிலர் காலில் சூடு போடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குத் தசைநாணை ஆற்றும் சக்தி கிடையாது. ஏற்கனவே இருக்கிற புண்ணோடு இன்னொரு புண், அவ்வளவுதான் மிச்சம்.

மூணாவது வாரத்தில் ஏமாறக்கூடாது

மணலில் ஓடும் குதிரைக்கு வருகிற பெரிய தொல்லை, முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிவது. அந்த இடம் வில் மாதிரி புடைத்துக்கொள்ளும். முதல் சில நாள் ஐஸ், கட்டு, முழு ஓய்வு. 2, 3 வாரத்தில் வீக்கம் வடியும், சூடு போகும், நொண்டலும் நின்றுவிடும். "சரியாப் போச்சு" என்று சேணத்தை எடுப்பார்கள். தப்பு நடப்பதே அங்கேதான்.

வலி போனது வேறு, காயம் ஆறியது வேறு. உள்ளே புது நார் அப்போதுதான் பின்ன ஆரம்பித்திருக்கும். அது கெட்டிப்பட 9 மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். அதற்குப் பிறகும் பழைய நாரின் நெகிழ்வு முழுசாக வராது. மறுபடி கிழிந்தால் இரண்டாவது தடவை ஆறுவது இன்னும் கஷ்டம்.

அதற்காக 9 மாதமும் கட்டியே போட்டாலும் கால் விறைத்துப்போகும். டாக்டர் சொன்னபிறகு, கையில் பிடித்து தினமும் 5, 10 நிமிஷம் கெட்டித்தரையில் நேராக நடத்தணும். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டணும். ஓட்டம் எல்லாம் சில மாதம் கழித்துத்தான், அதுவும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு. சவாரி அதற்கும் பிறகு. பீச் மணல் கடைசியிலும் கடைசி.

வயசான குதிரைக்கு மூட்டுத் தேய்மானமோ, குளம்புக்குள் எலும்பு வலியோ இருந்தால் கணக்கு வேறு. அது முழுசாகக் குணமாகாது, சமாளிக்கத்தான் முடியும். உடம்பு எடையைக் குறைத்து, குதிகாலைத் தாங்குகிற லாடம் அடித்து, ஒரே இடத்தில் கட்டிப்போடாமல் தினமும் மெதுவாக நடத்தினால் பல வருஷம் லேசான வேலை செய்யும். எழுந்ததும் விறைப்பாக நடந்து, 10 நிமிஷத்தில் சரியாகிற குதிரைகள் இந்த ரகம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி சரிவான தார்ரோடு இவற்றுக்கு ஆகவே ஆகாது.

ஓய்வுக்கு யார் காசு கொடுப்பது?

ஒரே ஒரு குதிரை வைத்திருக்கிறவரிடம் "9 மாசம் ஓட்டாதே" என்று சொல்வது சுலபம். அந்த 9 மாதமும் குதிரைக்குப் புல் வாங்கணும், வீட்டுக்கு அரிசி வாங்கணும். மருந்துச் செலவைவிட இந்த ஓய்வுச் செலவுதான் அவர்களைச் சாய்க்கிறது. 'கொடுமைக்காரர்கள்' என்று கரையில் நின்று திட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைக்கணும்.

ஆனால் சட்டம் இதையெல்லாம் பார்க்காது. 1960-ம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டப்படி, நோயாலோ காயத்தாலோ வேலைக்கு லாயக்கில்லாத பிராணியை வேலை வாங்குவது குற்றம். பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1965-ம் ஆண்டு விதியே இருக்கிறது. அது பொதிக்கான கணக்கு என்றாலும், குழந்தையோடு அப்பாவும் சேர்ந்து ஏறி போட்டோ எடுக்கிறவர்கள் தங்கள் எடையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வெயிலுக்கும் கணக்கு உண்டு. 37 டிகிரிக்கு மேல் கொளுத்தும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி இழுக்கவோ பொதி சுமக்கவோ விடக்கூடாது என்கிறது அதே விதி.

சென்னையில் குதிரை நொண்டினால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். 1903-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது. வெளியூர்க்காரர்கள் பக்கத்து அரசு கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டலாம். கால்நடை ஆம்புலன்சுக்கு போன் நம்பர் 1962. காலை ஊன்றவே முடியாத குதிரையை நடத்தியே கூட்டிப்போகக் கூடாது. இருக்கிற இடத்திலேயே நிறுத்தி, தண்ணீர் காட்டிவிட்டு, டாக்டரை அங்கே வரவழைக்க வேண்டும்.